முன் பிரேக் மாத்தியாச்சு, ஆனா மோட்டார் நிக்க மாட்டேங்குது: பழைய மோட்டார் சைக்கிளுக்கு கோளாறு பார்த்து சரி பண்ற வழி

பழைய மோட்டாருக்கு முன் பிரேக் மாத்துறவங்க ரெண்டு ரகம். பிஎஸ்ஏ, டிரையம்ப், நார்ட்டன்னு தோட்டத்து கிராணிமார் (கிளார்க்குங்க) காலத்து இங்கிலீஷ் மோட்டார வச்சிருக்கவங்க, அதுல இருக்குற சிங்கிள் லீடிங் (ஒரு பிரேக் கட்டை மட்டும் தானா இழுத்து அழுத்துற) டிரம்ம எடுத்துட்டு ட்வின் லீடிங் (ரெண்டு கட்டையும் அப்படி அழுத்துற) தட்டு போடுவாங்க. சின்ன ஜப்பான் மோட்டார், கப்சாய் (மொபெட் மாதிரி சின்ன மோட்டார்) வச்சிருக்கவங்க டிரம்மே வேணாம் லானு யமஹா ஆர்எக்ஸ்இசட் ஃபோர்க், டிஸ்க், மாஸ்டர் பம்ப் (லீவர்கிட்ட இருந்து ஆயில தள்ளுற பம்ப்) எல்லாத்தையும் மொத்தமா தூக்கி மாட்டிடுவாங்க. ரெண்டு ரகமும் வேலை முடிச்சுட்டு கேக்குற கேள்வி ஒண்ணுதான், இவ்வளவு வெள்ளி கொட்டியும் ஏன் நிக்க மாட்டேங்குது.

நான் பார்த்த வரைக்கும் பார்ட்ஸ் கெட்டுப் போயி இப்படி ஆகுறது கம்மி, பொருத்தினதுல இருக்குற சின்ன சின்ன கோணலுதான் காரணம். அதனால அடுத்த செட் கட்டை வாங்க போமேன் (மெக்கானிக்) கடைக்கு ஓடுறதுக்கு முன்னாடி, கீழ உங்க கோளாறு எதுவோ அத மட்டும் படிச்சு செஞ்சு பாருங்க. ஒரு நேரத்துல ஒரு விஷயம்தான் மாத்தணும், ரெண்டு மூணு சேர்த்து மாத்தினா எது சரி பண்ணுச்சுனு கடைசி வரைக்கும் தெரியாது.

டெஸ்ட் பண்றதுக்கு மேடு பள்ளம் இல்லாத காலி ரோடா பாருங்க, பினாங்குல பிறை ஃபேக்டரி பக்கம் ஞாயித்துக்கிழமை காலைல நல்லா இருக்கும். பாயா தெருபோங்ல இருந்து பாலிக் பூலாவ் இறங்குற துன் சர்டோன் ரோட்டுல போயி புது பிரேக்க சோதிக்கிற வேலை வேணாம்.

ஓட்டுறதுக்கு முன்னாடி எல்லாரும் பார்க்க வேண்டியது ஒண்ணு இருக்கு, கோளாறு இருந்தாலும் இல்லனாலும். பிரேக் தட்டு சுத்தாம புடிச்சிருக்குற இடம். சில மோட்டாருக்கு அது ஃபோர்க்ல இருக்குற ஒரு முட்டு, தட்டுல இருக்குற பள்ளத்துல போயி உக்காரும். சிலதுக்கு தனியா ஒரு டார்க் ஆர்ம் இருக்கும். வேற மோட்டார் தட்ட கொண்டு வந்து மாட்டினவங்க, இந்த ஆர்ம்ம கிடைச்ச இரும்புப் பட்டைல வெல்டிங் வச்சு ஏதோ ஒரு போல்ட்டுல கட்டிடுவாங்க. அது கழண்டுச்சுன்னா தட்டு சக்கரத்தோட சேர்ந்து சுத்தும், கேபிள சுருட்டிக்கும், முன் சக்கரம் அப்படியே லாக் ஆகும், நீங்க ஹேண்டிலுக்கு மேல பறப்பீங்க. ஆர்ம் வளைவு இல்லாம நேரா இருக்கணும், போல்ட் நல்ல தரமா இருக்கணும், நட்டு லாக் நட்டாவோ ஸ்ப்ளிட் பின் போட்டதாவோ இருக்கணும். இது சரியில்லனா மீதி எதையும் படிக்காதீங்க, முதல்ல இத முடிங்க.

லீவர் கல்லு மாதிரி இருக்கு, வண்டி நிக்கல

டிரம்னா முதல்ல செலவில்லாத ஒரு டெஸ்ட். மோட்டார தள்ளிக்கிட்டே முன்னாடி போங்க, முன் பிரேக் புடிங்க. அப்புறம் பின்னாடி தள்ளிக்கிட்டு போயி புடிங்க. பின்னாடி போகும்போதுதான் நல்லா புடிக்குதுன்னா உங்க ட்வின் லீடிங் தட்டு எதிர்ப்பக்கம் உக்காந்திருக்கு. டிரம்ல கேம் (திரும்பி கட்டைய விரிக்கிற துண்டு) கட்டையோட ஒரு முனைய தள்ளும், அந்த முனைல இருந்து பிவட் (கட்டை ஊனி நிக்கிற மறுமுனை) பக்கமா டிரம் சுத்துச்சுன்னா டிரம்மே கட்டைய இழுத்து இன்னும் அழுத்திக்கும், அதுக்குப் பேரு லீடிங். எதிர்த் திசைல சுத்துச்சுன்னா டிரம் கட்டைய தள்ளி விடும், அது டிரெய்லிங். வலது பக்கம் டிரம் இருக்குற மோட்டார்ல இருந்து எடுத்த தட்ட இடது பக்கம் மாட்டினா ரெண்டு கட்டையும் டிரெய்லிங் ஆயிடும், அப்ப பழைய சிங்கிள் லீடிங்கே இதுக்கு மேல். கட்டைய திருப்பிப் போட்டு இத சரி பண்ண முடியாது, கேம் இருக்குற இடமே தப்பு. வேற தட்டுதான் தேடணும். காத்து போற வாய் இருக்குற தட்டுனா அது முன்னாடி பார்த்துதான் இருக்கணும், பின்னாடி பார்த்து இருந்தா அப்பவே சந்தேகப்படலாம்.

திசை சரியா இருந்தா அடுத்தது கட்டை டிரம்ம முழுசா தொடுதானு பார்க்கணும். இங்கதான் எல்லாரும் சறுக்குறாங்க. புதுக் கட்டை வாங்குவாங்க, டிரம் ஏற்கனவே ஒண்ணு ரெண்டு தடவ கடைஞ்சு பெருசாகி இருக்கும், கட்டையோட வளைவு டிரம்மோட வளைவுக்கு ஒத்துப் போகாது, நடுவுல ரெண்டு விரல் அகலம் மட்டும் தொடும். 8 இன்ச் டிரம்னு பேரு, வேலை செய்றது 2 இன்ச். கட்டை மேல சாக்பீஸ் நல்லா தேச்சு, தட்ட மாட்டி, ஆக்சில் டைட் பண்ணி, சக்கரத்த கையால சுத்திக்கிட்டே லேசா பிரேக் புடிச்சு விடுங்க. அப்புறம் கழட்டிப் பாருங்க. சாக்பீஸ் நடுவுல மட்டும் அழிஞ்சிருந்தா கட்டை வளைவு டிரம்ம விட சின்னது. ரெண்டு முனைல மட்டும் அழிஞ்சிருந்தா கட்டை வளைவு பெருசு, அது நிக்காம இருக்காது, வெடுக்கு வெடுக்குனு கடிக்கும், அத பத்தி கீழ வரும்.

இதுக்கு மருந்து லேத் கடை. கட்டைய தட்டுலயே மாட்டி, கேமுக்கும் கட்டைக்கும் நடுவுல மெல்லிசா தகடு வச்சு கொஞ்சம் விரிய விட்டு, தட்ட லேத்துல புடிச்சு, டிரம் உள் அளவு எவ்வளவோ அந்த அளவுக்கு லைனிங்க (கட்டை மேல ஒட்டியிருக்குற உரசுற பட்டைய) கடைஞ்சு எடுக்கணும். தகட்ட எடுத்துட்டா கட்டை சுத்தறதுக்கு தேவையான இடைவெளி தானா வந்துடும். லேத் கடை அங்கிள்கிட்ட டிரம்மையும் கையோட கொண்டு போயி குடுங்க, பேப்பர்ல அளவு எழுதிட்டு போனா சரியா வராது. அவர், "தம்பி, புதுக் கட்டைய எதுக்குப்பா கடையணும், சும்மா ஓட்டு, தானா தேஞ்சு உக்காந்துடும்"னு சொல்லுவார். நல்ல மெதுவான லைனிங்னா அது ஓரளவு உண்மைதான், ஆனா இப்ப வர்ற கெட்டியான லைனிங் தேஞ்சு உக்கார ரொம்ப நாள் எடுக்கும், அது வரைக்கும் பிரேக் இல்லாம யார் ஓட்டுறது. இன்னொண்ணு, பழைய காலத்து லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், டிரம் தூசிய கம்ப்ரஸர் காத்து வச்சு ஊதவே ஊதாதீங்க, ஈரத் துணி வச்சு துடைங்க, அந்தத் துணிய பையில கட்டித் தூக்கிப் போடுங்க. கடையும்போது முகமூடி.

வளைவு ஒத்துப் போகுது ஆனா கட்டை மேல் பக்கம் கண்ணாடியா மின்னுதுன்னா 80 நம்பர் உப்புத்தாள் வச்சு அந்த மினுமினுப்ப எடுங்க, டிரம் உள்பக்கமும் குறுக்கு நெடுக்கா தேய்ங்க. கட்டைல கிரீஸோ ஃபோர்க் ஆயிலோ ஊறிப் போயிருந்தா அத காப்பாத்த முயற்சி பண்ணாதீங்க. பெட்ரோல் ஊத்தி கொளுத்தினா சரியாகும்னு சொல்ற ஆளுங்க இருக்காங்க, சூடானதும் உள்ள ஊறின எண்ணெய் திரும்ப வெளிய வரும். புதுசு போடுங்க, கூடவே பேரிங் சீல், ஃபோர்க் சீல் எது ஒழுகுதுனு பாருங்க, இல்லனா புதுசும் அதே கதிதான்.

டிஸ்க் போட்டவங்களுக்கு லீவர் கல்லா இருந்தா அது வேற கதை, பெரும்பாலும் மாஸ்டர் பம்ப் பெருசு. ரெண்டு டிஸ்க் இருக்குற பெரிய மோட்டார்ல இருந்து எடுத்த 5/8 இன்ச் மாஸ்டர, அழகா இருக்குனு ஒரே ஒரு சின்ன கேலிபருக்கு (டிஸ்க்க இறுக்கிப் புடிக்கிற பாகம்) மாட்டிடுவாங்க. கை அழுத்துறது அதே அழுத்தம்தான், ஆனா பிஸ்டன் பரப்பு பெருசா இருந்தா ஆயில்ல உண்டாகுற பிரஷர் குறையும். 5/8 இன்ச்சுக்குப் பதிலா 1/2 இன்ச் மாஸ்டர் போட்டா அதே கைக்கு பிரஷர் கிட்டத்தட்ட ஒண்ணரை மடங்குக்கும் கொஞ்சம் மேல கிடைக்கும், லீவர் அந்த அளவுக்கு கூட வரும். கேலிபர் எந்த மோட்டாரோடதோ மாஸ்டரும் அந்த மோட்டாரோடதே எடுக்குறதுதான் புத்திசாலித்தனம், ஆர்எக்ஸ்இசட் கேலிபர்னா ஆர்எக்ஸ்இசட் மாஸ்டர். கலந்து கட்டினா கணக்குப் போட்டுத்தான் கட்டணும்.

லீவர் ஹேண்டில் வரைக்கும் வருது, மெத்துனு இருக்கு

டிரம்ல இதுக்கு மொத காரணம் கேபிள். ஒரு ஆள லீவர அழுத்திப் புடிக்கச் சொல்லிட்டு நீங்க பக்கத்துல உக்காந்து கேபிள் முழுக்க பாருங்க. வெளி உறை வளைஞ்சு நெளியுதா, நுனில இருக்குற தொப்பி உள்ள அமுங்குதா, ஃபோர்க்ல கேபிள் நிக்கிற இடம் வளையுதா, தட்டுல கேம் லீவரே முறுக்கிக்குதா, எது அசைஞ்சாலும் உங்க கை பலம் அங்க போயிடுச்சு. கடைல கட்டிக் குடுக்குற கேபிள்ல சில நேரம் மெல்லிசான உறை போட்டுடுவாங்க, ஆக்ஸிலேட்டர் கேபிளுக்கு அது போதும், பிரேக்குக்கு ஆகாது. தடிமனான உறை கேட்டு வாங்குங்க, நுனி நேரா வெட்டியிருக்கணும். முடிஞ்ச வரைக்கும் குறைச்ச வளைவோட கொண்டு போகணும், ஆனா ஹேண்டில் ரெண்டு பக்கமும் முழுசா திருப்பும்போது இழுக்கவும் கூடாது.

அடுத்தது கை லீவர். இங்கிலீஷ் மோட்டார் லீவர்ல பிவட்டுக்கும் கேபிள் முனை உக்கார்ற இடத்துக்கும் உள்ள தூரம் ரெண்டு அளவுல வரும், 7/8 இன்ச், 1 1/16 இன்ச். பார்க்க ரெண்டும் ஒண்ணுதான். பெருசு கேபிள அதிகம் இழுக்கும் ஆனா பலம் கம்மி, கிளட்ச்சுக்கு ஏத்தது. சின்னது கொஞ்சமா இழுக்கும், பலம் ஏறக்குறைய ஐஞ்சுல ஒரு பங்கு கூட. லீவர் ஹேண்டில தொடுதுன்னு பெரிய லீவருக்கு மாறினா லீவர் தொடாது, வண்டியும் நிக்காது. கேபிள், கட்டை, கேம் எல்லாம் சரி பண்ணிட்டுதான் லீவர பத்தி யோசிக்கணும்.

கேம் லீவரோட கோணமும் முக்கியம். கட்டை டிரம்ம இறுக்குற நேரத்துல கேபிளும் கேம் லீவரும் 90 டிகிரிக்கு நிக்கணும், அதத் தாண்டிப் போச்சுன்னா பலம் குறைஞ்சுக்கிட்டே போகும். கட்டை தேஞ்சதும் இந்தக் கோணம் தாண்டும், அப்ப சில பேர் கேம் லீவர கழட்டி ஒரு பல்லு தள்ளி மாட்டுவாங்க. வெளியில பார்க்க கோணம் சரி, உள்ள கேம் அதிகமா திரும்பி நிக்கும், ஒரு நாள் அப்படியே திரும்பி நின்னுடுச்சுன்னா பிரேக் விடாது. தேஞ்ச கட்டைய மறைக்கிற வேலை அது, செய்யாதீங்க.

டிஸ்க்னா காத்து. ஆயில் விட்டு எத்தன தடவ பிளீட் பண்ணாலும் (காத்த வெளிய எடுத்தாலும்) மெத்துனே இருந்தா, காத்து மாஸ்டர்கிட்ட ஹோஸ் ஏறி நிக்கிற வளைவுல மாட்டியிருக்கும், கீழ கேலிபர்ல பிளீட் பண்ணா அது வராது. ஹேண்டில திருப்பி மாஸ்டர் உச்சில இருக்குற மாதிரி வச்சு, மாஸ்டர் பான்ஜோ போல்ட்ட (ஹோஸ மாஸ்டரோட சேர்க்குற போல்ட்) துணி சுத்தி லேசா தளர்த்தி அங்கயே பிளீட் பண்ணுங்க. இல்லனா ஊசி போடுற பெரிய சிரிஞ்ச் ஒண்ணு வாங்கி கீழ கேலிபர்ல இருந்து ஆயில மேல தள்ளுங்க, காத்து மேலதான் போக நினைக்கும், அத போக விடுங்க. அப்புறம் ராத்திரி லீவர கயிறு போட்டு கட்டி வச்சுட்டு தூங்குங்க, காலைல பாதி பிரச்சனை போயிருக்கும். பெட்ரோல் டேங்க் மேல ஈரத் துணி போட்டுட்டு இதெல்லாம் செய்ங்க, டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் பெயின்ட்ட உரிச்சுடும்.

முதல் அழுத்தம் காலி, ரெண்டாவது அழுத்தத்துல நல்லா புடிக்குது

இதையும் காத்துனு நினைச்சு பிளீட் பண்ணிக்கிட்டே இருப்பாங்க. டிஸ்க் கோணலா ஓடினா ஒவ்வொரு சுத்துக்கும் பிஸ்டன உள்ள தள்ளி விடும், அடுத்த அழுத்தம் அந்த இடைவெளிய நிரப்பவே போயிடும். டயல் கேஜ் (கோணல அளக்குற கருவி) வச்சுப் பாருங்க, பழைய ஜப்பான் மோட்டார் பலதுல 0.3 மில்லிதான் எல்லை. டிஸ்க் கோணலா இருக்கணும்னு இல்ல, டிஸ்க் உக்கார்ற இடத்துல துரு இருந்தாலும், வீல் பேரிங் ஆடினாலும் இதே கதிதான். பேரிங்க முதல்ல பாருங்க, அதுதான் மலிவு.

ட்வின் லீடிங் போட்டும் பழைய சிங்கிள் மாதிரியே இருக்கு

அப்படின்னா ஒரு கட்டைதான் வேலை செய்யுது. ரெண்டு கேம் லீவரையும் சேர்க்குற ராட் நீளம் தப்பு. இத சரி பண்ண காசு வேணாம், பொறுமை வேணும், அரை மணி நேரம் ஒதுக்குங்க.

சக்கரம் தரையில இருந்து தூக்கி இருக்கட்டும். ராட்டோட ஒரு முனை பின்ன எடுத்து ராட்ட தொங்க விடுங்க. கேபிள் இழுக்குற கேம்ம கேபிள் அட்ஜஸ்டர் வச்சு, கட்டை டிரம்ம லேசா தொடுற வரைக்கும் கொண்டு வாங்க, சக்கரம் சுத்தினா உரசுற சத்தம் மட்டும் கேக்கணும். இப்ப ரெண்டாவது கேம் லீவர கையாலயே திருப்பி அந்தக் கட்டையும் தொடுற இடத்துல புடிச்சுக்கோங்க. ராட் நீளத்த திருகி திருகி, பின் ரெண்டு ஓட்டையிலயும் தள்ளாம இழுக்காம சும்மா வழுக்கி உள்ள போற அளவுக்கு கொண்டு வாங்க. பின்ன போட்டு லாக் நட் டைட் பண்ணுங்க, டைட் பண்ணும்போது ராட் திரும்பிடும், ஸ்பேனர் ரெண்டு வேணும். அப்புறம் கேபிள தளர்த்தி சக்கரம் ஃப்ரீயா சுத்துதானு பாருங்க. ரெண்டு கேம் லீவரும் ஒண்ணுக்கொண்ணு இணையா நிக்கணும், ஒண்ணு சாஞ்சு இருந்தா அதுக்கு பலம் வேற கிடைக்கும்.

இத முடிச்சதும் ஆக்சில் நட்ட தளர்த்துங்க, சக்கரத்த சுத்தி விட்டு பிரேக்க இறுக்கிப் புடிங்க, புடிச்சபடியே இன்னொரு ஆள் ஆக்சில் டைட் பண்ணட்டும். தட்டு டிரம்முக்கு நடுவுல உக்காரும். ஒவ்வொரு தடவ சக்கரம் கழட்டி மாட்டும்போதும் இத செய்யணும். டயர் கடைல பஞ்சர் ஒட்டி மாட்டிக் குடுக்கும்போது அவங்க செய்ய மாட்டாங்க, அதனாலதான் பஞ்சர் ஒட்டினதுக்கு அப்புறம் பிரேக் மோசமாயிடுச்சுனு பல பேர் சொல்றாங்க.

ட்வின் லீடிங் தட்டு தேடுறவங்களுக்கு ஒரு வார்த்தை. டிரையம்ப் 650-க்கு 8 இன்ச் ட்வின் லீடிங் வந்தது 1968-ல. நல்லா செட் பண்ணா அது இன்னைக்கும் போதுமான பிரேக். 1971-ல கோனிக்கல் ஹப் வந்துச்சு, பார்க்க நவீனமா இருக்கும், ஆனா கேம் லீவர் நீளம் பத்தாது, கை வலிக்கும். 1973-ல கம்பனியே டிஸ்க்குக்குப் போயிடுச்சு, ஹோண்டா சிபி 750 அத 1969-லயே பண்ணிட்டான். எனக்கு கேட்டா இங்கிலீஷ் மோட்டாருக்கு 68, 69, 70 தட்டுதான். டிஸ்க் போட்டா நிக்கும், ஆனா அந்த மோட்டார் முகமே மாறிடும்.

வெடுக்குனு கடிக்குது, இல்லனா நடுங்குது

ட்வின் லீடிங்ல ரெண்டு கட்டையும் தன்னைத் தானே இழுத்து அழுத்திக்கிற ரகம், அதனால லைனிங் முனை கூர்மையா இருந்தா மெதுவா புடிக்கும்போது கூட கடிச்சு இழுக்கும். ஒவ்வொரு கட்டையிலயும் கேம் பக்கத்து முனைய ஒரு 10 மில்லி நீளத்துக்கு சரிவா அரம் போட்டு தேச்சு விடுங்க. ட்வின் லீடிங்ல ரெண்டுக்கும் கேம் பக்கம்தான் முன் முனை. சிங்கிள் லீடிங்ல லீடிங் கட்டைக்கு கேம் பக்கம், டிரெய்லிங் கட்டைக்கு பிவட் பக்கம்.

காலைல முதல் ரெண்டு மூணு தடவ மட்டும் கடிச்சுட்டு அப்புறம் சரியாப் போகுதுன்னா டிரம்ல ராத்திரி ஏறின துரு. கடல் பக்கம், தெலுக் பஹாங், தஞ்சோங் பூங்கா பக்கம் இருக்கவங்களுக்கு இது தெரிஞ்ச விஷயம், ஒண்ணும் செய்ய வேணாம்.

சக்கரம் சுத்துற வேகத்துக்கு ஏத்தபடி லீவர் கைல துடிக்குதுன்னா டிரம் வட்டமா இல்ல. சக்கரத்த தூக்கி, லேசா உரசுற அளவுக்கு அட்ஜஸ்ட் பண்ணி, மெதுவா சுத்துங்க. ஒரு சுத்துல ஒரு இடத்துல, இல்ல எதிரெதிரா ரெண்டு இடத்துல மட்டும் உரசினா அதுதான். ரிம் மாத்தி புது ஸ்போக் கட்டினதுக்கு அப்புறம்தான் இது அதிகம் வரும், ஏன்னா ஸ்போக் இழுக்குற இழுப்புல ஹப்பே கொஞ்சம் வளையும். அதனால டிரம்ம தனியா கடைஞ்சுட்டு ஸ்போக் கட்டாதீங்க. முதல்ல ஸ்போக் கட்டி, டென்ஷன் முழுசா ஏத்தி, ரிம் நேராக்கி, அப்புறம் சக்கரத்தோட லேத்துல வச்சு டிரம்ம கடையணும். முழு சக்கரத்த புடிக்கிற அளவுக்கு பெரிய லேத் எல்லா கடைலயும் இருக்காது, தேடித்தான் போகணும். கடைஞ்சதும் டிரம் பெருசாயிடும், கட்டைய மறுபடியும் அந்த அளவுக்கு ஒத்து வர கடையணும், முதல்ல சொன்ன இடத்துக்கே திரும்ப வரீங்க.

பிரேக் விட மாட்டேங்குது, ஹப் கொதிக்குது

டிரம்னா கேம் ஷாஃப்ட் காஞ்சு போயிருக்கும், இல்ல ரிட்டர்ன் ஸ்பிரிங் தளந்திருக்கும், இல்ல ஹேண்டில் திருப்பும்போது கேபிள் இழுக்கும். கேம் ஷாஃப்ட்டுக்கு கிரீஸ் துளியூண்டு போதும், கூட வச்சா அது லைனிங் மேலதான் போயி சேரும்.

டிஸ்க்ல இத கண்டுபிடிக்க ஒரு வரிசை இருக்கு. சக்கரம் இறுகி நிக்கும்போது கேலிபர் பிளீட் நிப்பிள திறங்க. திறந்ததும் சக்கரம் ஃப்ரீ ஆகலன்னா கேலிபர் பிஸ்டன் துரு புடிச்சு மாட்டியிருக்கு, இல்லனா கேலிபர் நகர வேண்டிய இடம் நகரல. சிபி 750 மாதிரி பழைய ஹோண்டாவுல கேலிபர் ஒரு கீல்ல ஆடித்தான் நடுவுல வரும், அந்தக் கீல் துரு புடிச்சா ஒரு பக்க பேட் மட்டும் தேயும். ஃப்ரீ ஆச்சுன்னா பிரஷர் எங்கயோ அடைபட்டு இருக்கு. நிப்பிள மூடி, திரும்ப பிரேக் புடிச்சு இறுக விட்டு, இந்தத் தடவ மேல மாஸ்டர்ல இருக்குற பான்ஜோவ தளர்த்துங்க. இப்ப ஃப்ரீ ஆச்சுன்னா மாஸ்டர்தான், ஆகலன்னா ஹோஸ். பழைய ரப்பர் ஹோஸ் வெளிய பார்க்க புதுசா இருக்கும், உள்ள வீங்கி, ஆயில போக விடும், திரும்பி வர விடாது. ஸ்டீல் பின்னின ஹோஸ் போட்டுடுங்க.

மாஸ்டர்தான்னா அதுல ஊசி முனை அளவு ஓட்டை ஒண்ணு இருக்கு, சூடாகி விரியுற ஆயில் அது வழியாத்தான் திரும்ப டப்பாவுக்குப் போகணும். வேற மோட்டார் லீவர் மாட்டினா அது பிஸ்டன எப்பவும் கொஞ்சம் தள்ளிக்கிட்டே இருக்கும், பிஸ்டன் அந்த ஓட்டைய மூடிடும். டப்பா மூடிய திறந்து லீவர மெதுவா தொட்டுப் பாருங்க, ஆரம்பத்துலயே ஆயில்ல சின்னதா ஒரு ஊத்து கிளம்பினா ஓட்டை திறந்து இருக்கு. கிளம்பலன்னா லீவர் கொஞ்சம் ஆடுற அளவுக்கு இடம் விடுங்க, அதுக்கும் சரி வரலன்னா மெல்லிசான கம்பி இழை வச்சு அந்த ஓட்டைய சுத்தம் பண்ணுங்க, ட்ரில் பிட் வேணாம்.

மலை இறங்கும்போது பிரேக் மறைஞ்சு போகுது

துன் சர்டோன், இல்ல கேஎல் பக்கம்னா கெந்திங், உலு யாம், புக்கிட் ஃப்ரேசர். எப்படி மறையுதுனு கவனிச்சா காரணம் தெரிஞ்சுடும். லீவர் கொஞ்சம் கொஞ்சமா நீளமா வருது, கீழ வந்து ஆறினதும் பழையபடி ஆயிடுதுன்னா டிரம் சூட்டுல விரிஞ்சு கட்டைய விட்டு தள்ளிப் போகுது, அது டிரம்மோட குணம். லீவர் அதே இடத்துலதான் கெட்டியா இருக்கு, ஆனா புடிப்பு இல்ல, கருகுற வாடை வருதுன்னா லைனிங் சூட்ட தாங்கல, வேற லைனிங் ஒட்டணும். டிஸ்க்ல லீவர் திடீர்னு மெத்துனு ஆச்சுன்னா ஆயில் கொதிச்சு ஆவியாயிடுச்சு. டாட் 4 புதுசா இருக்கும்போது கொதிக்கிறது குறைஞ்சது 230 டிகிரிக்கு மேல, தண்ணி உறிஞ்சினதுக்கு அப்புறம் 155-ன்னு இறங்கிடும், டாட் 3-ன்னா 205-ல இருந்து 140. இந்த ஆயில் காத்துல இருக்குற ஈரத்த உறிஞ்சுற ஜாதி, நம்ம ஊரு ஈரத்துக்கு ரெண்டு வருஷம் வரைக்கும் காத்திருக்காதீங்க. டாட் 5 சிலிக்கோன், அத இதோட கலக்கவே கூடாது. டாட் 5.1 பேரு கிட்ட இருந்தாலும் அது டாட் 4 குடும்பம்தான்.

இறங்கும்போது கியர குறைச்சு இன்ஜின் இழுப்புல வாங்க, பிரேக்க தொட்டுக்கிட்டே இருக்காம புடிச்சு விடுங்க. டூ ஸ்ட்ரோக் வச்சிருக்கவங்களுக்கு இன்ஜின் இழுப்பு கம்மி, ஆக்ஸிலேட்டர ரொம்ப நேரம் மூடியே வச்சா ஆயிலும் குறைச்சலா போகும், அப்பப்ப லேசா திறந்து விடுங்க.

மழைல புடிக்கல

காத்து வாய் இருக்குற டிரம்ல தண்ணி உள்ள போகும். மழைக்காலத்துக்கு அந்த வாய ரப்பர் துண்டு வச்சு மூடிடுங்க, நம்ம ரோட்டு வேகத்துக்கு அந்தக் காத்து இல்லனா ஒண்ணும் குடி முழுகாது. மழைல ஓட்டும்போது அப்பப்ப லேசா புடிச்சு காய வைங்க. வெள்ளத்துல இறங்கி வந்திருந்தா வீட்டுக்கு வந்ததும் டிரம்ம கழட்டி காய வைக்கணும், இல்லனா அடுத்த நாள் கட்டை டிரம்மோட ஒட்டிக்கும்.

மேட்டுல நின்னா பின்னாடி உருளுது

கோளாறே இல்ல. ட்வின் லீடிங் பின்னாடி உருளும்போது ரெண்டும் டிரெய்லிங் ஆயிடும். தண்ணிமலை பக்கத்து மேட்டுல நின்னா பின் பிரேக்க மிதிச்சுக்கோங்க.

கீச்சுனு சத்தம்

டிரம்னா தூசிய துடைச்சு, மேல சொன்ன சரிவு போடுங்க. டிஸ்க்னா பேட் பின்பக்கம் செம்பு கிரீஸ் மெல்லிசா. நல்லா நிக்குதுன்னா சத்தத்த விட்டுடுங்க.

புடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்குது

டிஸ்க் மாத்தினவங்களுக்குத்தான் இது. பழைய மோட்டார் ஃபோர்க் குழாய் ஒல்லி, ஒரே பக்கம் டிஸ்க் புடிச்சு இழுக்கும்போது ஃபோர்க் முறுக்கிக்கும். ஆக்சில் கிளாம்ப், யோக் போல்ட் எல்லாம் டைட்டானு பாருங்க, அப்புறம் ரிம் ரெண்டு ஃபோர்க்குக்கும் நடுவுல இருக்கானு அளந்து பாருங்க, வேற ஹப் போடும்போது ஸ்பேசர் தப்பா வெட்டி சில மில்லி தள்ளி நிக்கிறது சர்வ சாதாரணம். எல்லாம் சரியா இருந்தும் இழுத்தா ஃபோர்க்ல ஒரு பிரேஸ் போடணும். ஃபோர்க்கையே மாத்துறதா இருந்தா பார்ட்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) கவுண்டர்ல போயி கேட்டுடுங்க, சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1987 மோட்டார் அமைப்ப இஷ்டத்துக்கு மாத்த விடாது, இன்சூரன்ஸ்காரனும் விபத்துனு வந்தா முதல்ல அததான் பார்ப்பான்.

முன் பிரேக் புடிச்சா பின் லைட் எரியல

பழைய கேபிள்ல நடுவுல சுவிட்ச் இருந்திருக்கும், புதுக் கேபிள்ல அது இல்ல. கேபிள் சுவிட்ச் தனியா கிடைக்கும், டிஸ்க்குக்கு பான்ஜோ போல்ட்டுலயே சுவிட்ச் உள்ளது கிடைக்கும். பழைய 6 வோல்ட் மோட்டார்னா இன்ஜின் ஐட்லிங்ல பல்பு மங்கலாத்தான் எரியும், அதுக்கு சுவிட்ச்ச குறை சொல்லாதீங்க, எர்த் வயர சுத்தம் பண்ணிட்டு திரும்ப பாருங்க.